லொக்கேஷன் கேட்ட மாணவர்களுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட யானைப் படத்துக்குக் கீழே பதினொரு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "சார், எந்த இடம்? லொக்கேஷன் போடுங்க." நான் பதில் போடாததால், "சார் பெரிய ஆளாயிட்டார்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன்தான். அவனுக்கும் சேர்த்து இந்தப் பதில். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஓய்வு பெற்றபோது மகன் ஒரு பழைய நிக்கான் கேமராவும் 70-300 லென்ஸும் வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கே வண்டியைக் கிளப்பிவிடுகிறேன். "ஸ்கூலுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் கிளம்பினதில்லை" என்பது வீட்டம்மாவின் புகார்.

பத்து நாள் போனால் எட்டு நாள் வெறுங்கைதான். மார்கழியில் ஓசூர்ப் பனி எட்டரை மணி வரை கண்ணை மறைக்கும். அது விலகியதும் வெயில் ஏறிவிடும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் வெளிச்சம் போதாது. ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் படம் ஆடிவிடும், ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். ராமநாயக்கன் ஏரிக்கரையில் ஒரு முக்குளிப்பானுக்காக ஒரு மணி நேரம் குந்தியிருந்தேன். நான் குறி பார்க்கும் இடத்தில் முங்கும், வேறெங்கோ எழும். எடுத்த நாற்பது படத்தில் முப்பத்தெட்டில் வெறும் தண்ணீர் வளையம்.

ஆனால் அந்த மாதிரி உட்கார்ந்திருந்த இன்னொரு நாள், தாய்ப்பறவையின் முதுகில், இறகுக்கு நடுவே, ஒரு குஞ்சு தலை நீட்டிப் பார்த்தது. படம் சரியாக ஃபோகஸ் ஆகவில்லை. ஆனாலும் வீட்டம்மாவின் செல்போனில் இன்றைக்கும் அதுதான் முகப்புப் படம்.

நம் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்வேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஃபிலிம் காலத்தில் கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளை எடுத்தவர். எடுத்தது சரியாக வந்ததா என்று ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். நாம் ஒரு காலையில் நானூறு படம் சுட்டுவிட்டு அலுத்துக்கொள்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். ராகி முற்றும் சமயத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் வருவது உங்களுக்குத் தெரியும். சில கூட்டங்கள் சானமாவு காடு வரை வந்துவிடும். பகலில் காட்டில் நிற்கும், இருட்டியதும் கொல்லையில் இறங்கும். ஒரு மாலை, ஓர் ஏரியில் ஐந்து யானைகள் தண்ணீர் குடிப்பதைத் தூரத்திலிருந்து எடுத்தேன். கை நடுங்கிவிட்டது. அன்றிரவே ஏரியின் பெயரைப் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். வந்த பாராட்டுகளை எண்ணிக்கொண்டே தூங்கினேன்.

மறுநாள் மாலை அந்தக் கரையில் நாற்பது பைக்குகளுக்குக் குறையாது. கர்நாடகப் பதிவெண் கார்கள் வேறு. விசில், கூச்சல், செல்ஃபி. வனத்துறை ஊழியர்கள் நான்கு பேர் யானையைப் பார்ப்பார்களா, கூட்டத்தைப் பார்ப்பார்களா? மிரண்ட யானைகள் காட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் ஓடின. அங்கே அறுவடைக்கு நின்ற ராகி. முக்கால் ஏக்கர் மண்ணோடு போயிற்று.

அந்தக் கொல்லைக்காரன் என்னிடம் நான்காம் வகுப்புப் படித்தவன். காலையில் போய் நின்றேன். "நீங்க போட்ட படத்தைக் காட்டித்தான் சார் எல்லாரும் வழி கேட்டாங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கொடுத்த பணத்தை வாங்கவில்லை, டீ கொடுத்தான். முப்பத்து மூன்று வருட வேலையில் எந்த அதிகாரி முன்னாலும் அப்படித் தலை குனிந்து நின்றதில்லை.

அன்று யாரும் சாகவில்லை என்பது நம் அதிர்ஷ்டம். 2023 மே மாதம் பென்னாகரம் – ஒகேனக்கல் சாலையில் ஒருவர் காட்டு யானை முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நின்ற வீடியோவை நீங்களே எனக்கு அனுப்பினீர்கள். சிரித்த முகம் போட்டு அனுப்பினீர்கள். அந்த யானை பொறுத்துப் போனது. எல்லா யானையும் பொறுக்காது.

பயிரை இழந்து இழந்து பொறுமை போனவர்கள் சிலர் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அதே வருடம் மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்தில் அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. வேலி போட்டது குற்றம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேடிக்கைக்காக யானையை ஒருவன் கொல்லைக்குள் விரட்டிவிடுவதை நாம் குற்றமாகவே எண்ணுவதில்லை.

"நீங்க மட்டும் பார்க்கலாம், நாங்க பார்க்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இந்த ஞாயிற்றுக்கிழமைப் படம் அதே மாணவனின் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. அவனே போன் செய்து கூப்பிட்டான். "இடத்தை மட்டும் சொல்லாதீங்க சார்" என்றான். இப்போது புரிகிறதா, நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று?

இன்னொரு பேத்தி முறைக்காரி, "தாத்தா, படத்தில் கரண்ட் கம்பியும் கம்பெனி ஷெட்டும் தெரியுதே, அழிச்சிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறாள். அதை அழிக்கமாட்டேன் கண்ணு. அந்த யானை நிற்கும் இடம் அதுதான். கம்பியை அழித்துவிட்டால் அது ஏதோ பெரிய வனத்தில் சௌக்கியமாக இருப்பதாக நீ நம்பிவிடுவாய். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கியபோது நான் எடுத்த படத்துக்கு "காஷ்மீர் மாதிரி இருக்கு" என்று எழுதினீர்கள். பெங்களூரு பக்கமிருந்து தென்பெண்ணையில் கலந்து வரும் கழிவு அது. மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்த படம். அன்று நான் அதைக் கீழே எழுதாமல் விட்டது என் தப்பு.

ஆகவே இனி என் வழக்கம் இதுதான். யானையோ, கூடோ, குட்டியோ இருக்கும் படத்துக்கு இடம் சொல்லமாட்டேன். படத்தில் தெரியும் கம்பியையும் குப்பையையும் மறைக்கமாட்டேன்.

நீங்களும் செல்போனில் கேமராவின் லொக்கேஷனை அணைத்து வையுங்கள். அது ஆனில் இருந்தால் படத்துக்குள்ளேயே இடம் பதிவாகிவிடும். படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும்.

பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறரைக்கு ராமநாயக்கன் ஏரிக்கு வாருங்கள். நான் அங்கே இருப்பேன். ஸ்வெட்டர் போட்டு வரவும். பேசாமல் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி வரிசைக்காரனே, முக்கியமாக நீ!