சைக்கிள் திருடர்களில் தொடங்கலாம்

இத்தாலியக் கலைப்படம் என்றதும் சாதாரண ரசிகர் ஒதுங்கிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உலகின் தலைசிறந்த படங்கள் என்று போடப்படும் பட்டியல்கள் அவரை நேராக ஃபெலினியின் '8½' (1963) முன்னால் உட்கார வைத்துவிடுகின்றன. அடுத்து என்ன எடுப்பதென்று தெரியாமல் தவிக்கும் ஓர் இயக்குநரின் நினைவும் கனவும் பயமும் சொல்லாமல் கொள்ளாமல் கலந்து ஓடும் படம் அது. அதுவரை தான் எடுத்த படங்களைக் கூட்டிப் பார்த்து ஃபெலினி வைத்த எண்தான் தலைப்பு. அபாரமான படம், ஆனால் முதல் படமாகப் பார்க்கத் தோதானதல்ல. பாதியில் எழுந்து போகிறவர், தனக்கு ரசனை போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். அவர் ரசனையில் ஒரு குறையும் இல்லை. பார்க்கத் தொடங்கிய வரிசைதான் சரியில்லை.

தொடங்க வேண்டிய படம் விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948). போருக்குப் பிந்தைய ரோம். அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. அதுவோ அடகில் கிடக்கிறது. மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவி எடுத்து அவற்றை அடகு வைக்கக் கிளம்புகிறாள். அந்தத் துணிமூட்டையை வாங்கிய ஊழியர் அதை வைக்க அடுக்கில் ஏறுகிறார். ஏற ஏற, உச்சிவரை அதே மாதிரி மூட்டைகள். ஊர் முழுக்க விரிப்பில்லாமல் படுத்திருக்கிறது என்பது வசனமே இல்லாமல் விளங்கிவிடுகிறது. வேலையில் சேர்ந்த அன்றே சைக்கிள் களவு போகிறது. மகன் புரூனோவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா அதைத் தேடி அலைவதுதான் மீதிக் கதை. நகையை அடகு வைத்து வட்டி கட்டிய குடும்பங்களுக்கு இதில் புரியாதது என்ன இருக்கிறது?

கேரி கிராண்ட் நடித்தால் பணம் போடுகிறேன் என்றார் ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக். டி சிகா இணங்கவில்லை. லம்பெர்தோ மஜோரானி என்ற ஆலைத் தொழிலாளியை நடிக்க வைத்தார். 1950இல் லண்டனில் இதைப் பார்த்த விளம்பர நிறுவன ஓவியர் சத்யஜித் ராய், தொழில்முறை நடிகர்கள் இல்லாமலும் படம் எடுக்கலாம் என்ற உறுதியோடு ஊர் திரும்பினார்.

அடுத்தது டி சிகாவின் 'உம்பெர்தோ டி' (1952). வாடகை கட்ட முடியாத ஓய்வூதியக் கிழவர், அவருடைய நாய் ஃபிளைக். கிழவராக நடித்தவர் கார்லோ பத்திஸ்தி என்ற மொழியியல் பேராசிரியர். வேறு வழியின்றிக் கிழவர் தெருவில் கை நீட்டுகிறார். ஒருவர் காசு போட வரும்போது, மழைத்தூறலைப் பார்ப்பதுபோல் உள்ளங்கையைச் சட்டென்று கவிழ்த்துக்கொள்கிறார். மானத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சி அரிது.

அதே படத்தில், வீட்டு வேலைக்காரப் பெண் விடிகாலையில் சமையலறைக்கு வருகிறாள். அடுப்பைப் பற்றவைக்கிறாள், சுவரில் ஊரும் எறும்புகளைத் தண்ணீரால் விரட்டுகிறாள், காப்பிக்கொட்டை அரைக்கும்போது கண்கலங்குகிறாள், உட்கார்ந்தபடியே காலை நீட்டிக் கதவைச் சாத்துகிறாள். அவள் கர்ப்பிணி, மணமாகாதவள். கதை அங்கே ஓர் அடிகூட நகர்வதில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடிவதில்லை.

இந்தக் காட்சியோடு ஒன்றிவிட்டவருக்கு இயக்குநர் அந்தோனியோனி பழகிவிடுவார். அவருடைய 'லாவெந்தூரா'வை (1960) கான் விழாவில் கூச்சலிட்டே கேலி செய்தார்கள். அதே விழா அதற்கு நடுவர் குழுப் பரிசும் கொடுத்தது. ஒரு தீவில் அன்னா காணாமல் போகிறாள். தேடப் புறப்பட்ட காதலனும் தோழியும் ஒருவரை ஒருவர் நெருங்க நெருங்க, அவளை மறந்தே போகிறார்கள். அவள் என்ன ஆனாள் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. விடைக்காகக் காத்திருப்பவருக்குப் பெரும் ஏமாற்றம்தான். தோழியாக நடித்த மோனிகா விட்டியின் முகத்தில் குற்றவுணர்ச்சி வந்து வந்து மறைவதைப் பார்ப்பவருக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரமும் போதாது. அதற்குப் பிறகு '8½' பார்த்தால் குழப்பமே சுவையாகிவிடும்.

இன்னொரு தடை வசன வரிகள். இந்தப் படங்கள் கிடைத்தாலும் பெரும்பாலும் ஆங்கில வரிகளோடுதான் கிடைக்கின்றன. திரைப்படச் சங்கங்களும் ஓடிடி தளங்களும் முதலில் தமிழ் வரிகளுக்குச் செலவிட வேண்டும். 'பைசைக்கிள் தீவ்ஸ்' ஒன்றரை மணி நேரப் படம். பேச்சும் எளிய பேச்சு. மொழிபெயர்க்க நிறைய ஆட்களோ பெரும் பணமோ தேவைப்படாது.