கம்பிக்குப் பணம் யார் கொடுப்பது?

ராணிப்பேட்டை மாவட்டத்தில் கலவை என்று ஒரு பேரூராட்சி இருக்கிறது. அதைச் சுற்றிலும் சிற்றூர்கள். அங்கே விவசாயமே பிழைப்பு.

அதே வட்டாரத்தில்தான் ராணிப்பேட்டையும் ஆம்பூரும் இருக்கின்றன. அங்கே தோல் பதனிடுகிறார்கள். செருப்பும் பூட்சும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் இன்டர்நெட் கம்பி போட்டால் கம்பெனிக்கு லாபம். ஒரே தெருவில் நூறு வாடிக்கையாளர் கிடைப்பார்கள். சிற்றூருக்கு வயலைத் தாண்டி நாலு மைல் கம்பி இழுத்தால் இருபது பேர்தான் கிடைப்பார்கள்.

அந்த நாலு மைல் கம்பிக்குப் பணம் யார் கொடுப்பது? இதுதான் வழக்கு.

“எங்களுக்குக் கட்டுப்படியாகாது” என்கின்றன கம்பெனிகள். 2023-ல் அவற்றின் சங்கம் ஒரு கோரிக்கை வைத்தது. வீடியோ காட்டிச் சம்பாதிக்கும் பெரிய நிறுவனங்களின் சரக்குதான் கம்பியில் அதிகம் ஓடுகிறது. ஆகவே அவர்களும் பங்கு தரட்டும் என்றது. வீடியோ நிறுவனங்கள் சும்மா இருக்குமா? “எங்கள் படத்தைப் பார்க்கத்தானே ஜனங்கள் உங்களுக்குப் பணம் கட்டுகிறார்கள்?” என்பது அவர்கள் வாதம்.

இந்தச் சண்டையில் ஒரு உண்மை மறைந்து போகிறது. ஜனங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டார்கள்!

2002-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் மத்திய அரசு ஒரு நிதியை நடத்தி வருகிறது. கிராமங்களுக்கு டெலிபோன் வசதி செய்வதற்கே இந்த நிதி. கம்பெனிகளின் கணக்கிட்ட வருமானத்தில் 100 ரூபாய்க்கு 5 ரூபாய் இதில் சேர வேண்டும். 2023-ம் ஆண்டுச் சட்டம் இதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று புதுப்பெயர் கொடுத்தது. கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? ரீசார்ஜ் செய்கிறவர் மடியிலிருந்து. மாடு கறந்து பிழைக்கும் அம்மாளும் இதற்குத் தம் பங்கைக் கொடுக்கிறார்.

பட்டணத்தாரும் கொடுக்கிறார்கள். அதில் அநியாயம் இல்லை. தபால் கார்டு விலை 50 காசு. அடுத்த தெருவுக்கும் அதே விலை. காஷ்மீருக்கும் அதே விலை. தூரத்து ஊரின் செலவை எல்லாரும் சேர்ந்து சுமக்கிறோம். ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும்?

தேர் ஏன் நகரவில்லை? அந்த நிதியில் பல ஆயிரம் கோடி ரூபாய் பல ஆண்டுகள் செலவாகாமல் கிடந்தது. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டு போகும் திட்டம் 2011-ல் வந்தது. இப்போது அதன் பெயர் ‘பாரத் நெட்’. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பது என்று திட்டமிட்டார்கள். நாடு முழுவதும் வேலை தாமதமாயிற்று. 2023-ல் மத்திய அரசு 1,39,579 கோடி ரூபாய்க்குப் புதிதாக ஒப்புதல் கொடுத்தது.

இன்று இன்டர்நெட் ஆடம்பரம் இல்லை. ரேஷன் கடையில் கைரேகை வைக்க அது வேண்டும். பட்டா நகல் எடுக்க வேண்டும். பிள்ளைகள் பரீட்சை முடிவு பார்க்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்துப் பெட்டியோடு கம்பி நின்றுவிட்டால், வீட்டுக்கு என்ன பயன்?

ஆகவே கணக்கு எளிது. கம்பியை ஊருக்குள் கொண்டு வரும் செலவு பொது நிதியைச் சேர்ந்தது. மாதக் கட்டணம் உபயோகிப்பவரைச் சேர்ந்தது. அது கூலிக் குடும்பமும் கட்டக் கூடியதாக இருக்க வேண்டும். கம்பி அறுந்தால் குறித்த நாளுக்குள் சரி செய்ய வேண்டும். செய்யாத ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நம் ஊருக்குக் கம்பி வந்ததா? வந்தது வேலை செய்கிறதா? வீட்டுக்கு எப்போது வரும்?

கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது பிச்சை ஆகாது, உரிமை!