பந்தியில் இடம் மட்டும் போதாது

பெரிய வியாழன் இரவு பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைப்பார். எங்கள் பகுதிக் கோயில் ஒன்றில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளிலும் பல ஆண்டுகளாக ஊர்த்தெருக்காரர்கள் மட்டுமே உட்கார்ந்தார்கள். காலனி இளைஞர்கள் கேள்வி கேட்ட பிறகு இருவருக்கு இடம் கிடைத்தது. மகிழ்ந்தோம். அடுத்து வந்த திருவிழாவில் தேர் வழக்கம்போல ஊர்த்தெருவைச் சுற்றிவிட்டு, காலனி முனைக்கு வராமலேயே நிலைக்குத் திரும்பியது. பாதத்தைக் கழுவியவர்களுக்கு, அந்தப் பாதம் நடக்கிற தெருவுக்குள் வர மனமில்லை.

சீடத்துவம் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். தியானக் கூட்டம், விவிலிய வகுப்பு, அன்பியக் கூட்டம் என்று எதற்கும் குறைவில்லை. ஆனால் சாதிவாரியாகக் குடியிருக்கும் ஊரில் அன்பியங்களைத் தெருவாரியாகப் பிரித்தால் அவையும் சாதிவாரியாகத்தானே அமையும்? ஒரே வேதத்தை இரண்டு தெருக்களும் தனித்தனியே உட்கார்ந்து படிப்பதைச் சீடத்துவம் என்று சொல்ல முடியுமா?

நலமான திருச்சபை எது என்பதற்கு வேதத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் அது. எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கலகக்காரர்கள் என்று ஏசவில்லை. ‘எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றும் மழுப்பவில்லை. சபையைக் கூட்டினார்கள். பந்திப் பொறுப்புக்கு ஏழு பேரைச் சபையே தேர்ந்தெடுத்தது. ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பரிமாறும் அகப்பை, ஒதுக்கப்பட்டவர்களின் தரப்புக்கே போனது. அதன் பிறகு சீடர்களின் எண்ணிக்கை பெருகியது என்று அதே அதிகாரம் சொல்கிறது.

அந்தியோக்கியாவில் நடந்ததும் பந்திச் சண்டைதான். பிற இனத்தாரோடு சேர்ந்து உண்டுவந்த பேதுரு, தன் இனத்தார் சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் கிடைத்ததும் இதே அந்தியோக்கியாவில்தான். கூடி உண்ண மறுப்பவரை, அவர் பேதுருவாகவே இருந்தாலும் தட்டிக்கேட்ட மரபு அது.

நம் மண்ணில் நடந்தது வேறு. 1706இல் தரங்கம்பாடியில் சீர்திருத்தச் சபையினரின் மறைப்பணி தொடங்கியது. அதில் உருவான ஆலயங்களுக்குள் சாதிக்கொரு இருக்கை வந்தது. 1833இல் ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டார். சாதியை விட மனமில்லாத பலர் சபையை விட்டே விலகினார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தலித் மக்கள் கேட்டது தங்களுக்கென ஒரு தனிப் பங்கு. ஒரே கோயிலில் சமமாக வாழ வழியில்லை என்ற நிலையில்தான் அப்படிக் கேட்டார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஆண்டுகள் பல கடந்தும் அந்த ஒப்புதல் எத்தனை பங்குகளின் வாசலை எட்டியிருக்கிறது?

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திறந்த கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. அதற்காக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஆம் நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். ஆயர்களும் குருக்களும் நம்மோடு நிற்கிறார்கள். நன்றி சொல்கிறோம். அதே நேரத்தில் ஒன்று கேட்கிறோம். அரசிடம் நீதி கேட்கிற நீங்கள், உங்கள் கையெழுத்து ஒன்றே போதுமான இடங்களில் ஏன் தயங்குகிறீர்கள்?

கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரை இடிக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. தேர் எந்தத் தெருவில் போக வேண்டும் என்பதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. பங்குப் பேரவையிலும் நிதிக் குழுவிலும் திருவிழாக் குழுவிலும் காலனி மக்களுக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் கொடுக்க மறைமாவட்டச் சுற்றறிக்கை ஒன்று போதும். சாதி பார்ப்பது பாவம் என்பதை முதல் நற்கருணைக்குத் தயாராகும் பிள்ளைகளின் மறைக்கல்விப் பாடத்திலேயே சேர்க்கலாம். தேர் எங்கள் தெருவுக்கு வராத ஊரில் அந்த ஆண்டு தேர்பவனியே இல்லை என்று ஆயர் ஒருமுறை அறிவித்துப் பார்க்கட்டும். ஊர் கோபப்படும். சிலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்தலாம். 1833இலும் அப்படித்தான் போனார்கள். போகிறவர்களுக்குப் பயந்து, இருநூறு ஆண்டுகளாக உள்ளேயே அவமானப்படுகிறவர்களைக் காக்கவைப்பது எந்தச் சீடத்துவம்?

இதே அளவுகோலை எங்கள் மீதும் வைக்கிறோம். எருசலேமில் கவனிக்கப்படாமல் போனவர்கள் கைம்பெண்கள். எங்கள் இயக்கக் கூட்டங்களிலும் மேடையில் ஆண்களும் அடுப்பங்கரையில் பெண்களும்தான் இருக்கிறார்கள். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று எங்களுக்குள்ளேயே பெண் கொடுக்கத் தயங்குகிறோம். இதையும் பேசித் தீர்க்காமல் அடுத்தவரைக் கேட்க எங்களுக்கு முழுத் தகுதி வராது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே கல்லறைகளுக்கு நடுவே வருவார். சுவர் இருக்கும் ஊர்களில் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே செபத்தைத்தான் சொல்வார். வரும் கல்லறைத் திருநாளுக்குள் ஒரே ஒரு பங்கிலாவது அந்தச் சுவர் இடிக்கப்பட்டிருந்தால், அங்கே ஒரு சீடர் இருக்கிறார் என்று நம்புவோம்.