சூடு பரவும், பயப்படாதீங்க

மார்பில் கட்டி என்று தெரிந்ததும் எடுத்த முதல் சி.டி. ஸ்கேனில் நான் அழுதது வலியால் அல்ல. பாதியில் கை ஊசி வழியாக மருந்து ஏறியது. தொண்டையில் சுரீரென்று சூடு. அப்படியே வயிற்றுக்கு இறங்கி, இடுப்புக்குக் கீழே பரவியது. படுத்தபடியே சிறுநீர் கழித்துவிட்டேன் என்றே நினைத்தேன். 52 வயதில், மகன் வயதுப் பையன்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது. எழுந்ததும் முதலில் துணியைத்தான் தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை.

அயோடின் மருந்து ஏறும்போது அப்படித்தான் இருக்கும், சீக்கிரமே அடங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்ததாம். அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது.

இன்னோர் இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் உலோகம் கூடாது. மூக்குத்தி, மெட்டி, தாலிக்கொடி எல்லாம் கழற்ற வேண்டும். எனக்கு முன்னால் நின்ற அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். செவிலியர் அதட்டவில்லை. மேசை டிராயரைத் திறந்து, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு ஒன்றை எடுத்தார். “முதல்ல இதைக் கட்டிக்கங்கம்மா, அப்புறம் அதைக் கழட்டலாம்” என்றார். டிராயருக்குள் ஒரு கட்டுக் கயிறு இருந்தது.

உள்ளே குப்புறப் படுக்கவைத்தார்கள். காதை அடைத்திருந்தும் சம்மட்டி அடிப்பது போன்ற சத்தம். ஆனால் ஒவ்வொரு முறையும் மைக்கில் குரல் வந்தது: “அடுத்தது நாலு நிமிஷம்மா. சத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கும்.” நாலு நிமிடம் என்று தெரிந்தால் போதும், மனம் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளும். 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி வைத்துக் கோலம் போட ஆரம்பித்தேன். இழுத்து முடிப்பதற்குள் சத்தம் நின்றது.

கூட்டம் அதிகம், பேச நேரமில்லை என்கிறார்கள். வரிசையைப் பார்த்தவள்தான் நான்; அவர்கள் சிரமம் தெரியும். ஆனால் பயத்தில் நோயாளி அசைந்தால் படம் கலங்கும், மறுபடி எடுக்க வேண்டும். பேசாமல் மிச்சம் பிடித்த நேரம் அங்கே போய்விடுகிறது. என்ன நடக்கும் என்பதைத் தமிழில் நாலு வரி எழுதி ஒவ்வொரு ஸ்கேன் அறை வாசலிலும் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள்.

முதல் முறை சி.டி.க்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்குக் கீழே சூடு பரவும். அது மருந்து. துணி நனைந்திருக்காது.