கடை முதலில் மோட்டார் சைக்கிளா?

ஸ்பிரிங்வெளியில் கடை வைத்திருக்கும் இளம் வியாபாரி ஒருவர் சென்ற வாரம் என்னிடம் வந்தார். "நானா, கொழும்பில் ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கு நிற்கிறது. ஹேண்டிலை உயர்த்தி, முன்சில்லை முன்னே தள்ளி, பக்கப் பெட்டிகள் பூட்டி தூரப் பயணத்துக்கென்றே செய்திருக்கிறார்கள். எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கும் விடலாம்" என்றார். பணம் ஏது என்று கேட்டேன். பெருநாள் சரக்குக்கு ஒதுக்கிய பணமாம்.

ஆசை பிழையென்று நான் சொல்லமாட்டேன். உழைப்பவனுக்கு ஓர் ஆசை இருக்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் ஆட்கள் தங்கள் சைக்கிள்களை வெட்டி ஒட்டி உருமாற்றுவதைக் கண்ட ஹார்லி டேவிட்சன் கம்பனி, அந்த உருவத்தையே தொழிற்சாலையில் செய்து 1971இல் 'சூப்பர் கிளைட்' என்று விற்றது. வாடிக்கையாளன் கண்ணைப் பார்த்துச் சரக்குச் செய்தவர்கள் அவர்கள். ஆனால் தொழிற்சாலையில் செய்வதும் தெரு ஓரக் கராஜில் வெட்டி ஒட்டுவதும் ஒன்றல்ல.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பழைய சைக்கிள்களின் விலை ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஏறுமென்று நினைத்து, உருமாற்றிய சைக்கிள் ஒன்றை நானும் வாங்கினேன். 2023இல் விற்கப் போனபோது, வாங்க வந்தவர் குனிந்து செசி இலக்கத்தைப் பார்த்தார். இரும்பில் ஓர் இலக்கம், பதிவுச் சான்றிதழில் வேறோர் இலக்கம். கராஜ்காரன் சட்டத்தையே மாற்றியிருக்கிறான். விற்றவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. மறைத்து இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. இன்றும் அது வீட்டுக்குப் பின்னால் படங்கு மூடிக் கிடக்கிறது. அதற்குள் முடங்கியது என் கடையின் முதல்.

நமது பாதையையும் யோசியுங்கள். முன்சில்லு நீண்டால் கொண்டை ஊசி வளைவில் திருப்ப இடம் போதாது. கம்பனியே செய்த தூரப் பயணச் சைக்கிளான ரோயல் என்ஃபீல்ட் 'சூப்பர் மீட்டியோர் 650' எடை 241 கிலோ. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 135 மில்லிமீற்றர்தான். பெருந்தெருவில் அது ராஜா. தோட்டத்துக் கல் ரோட்டில் அடி தட்டும். அதே கம்பனி 2016இல் மலைப்பாதைக்கென்று கொண்டுவந்த 'ஹிமாலயன்' 220 மில்லிமீற்றர் உயரம். அழகைப் பார்க்குமுன் ஓடப்போகும் ரோட்டைப் பாருங்கள்.

வாடகைக் கணக்கும் அவ்வளவு இலேசானதல்ல. சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட வாகனம் விபத்துக்குள்ளானால் கை கொடுக்காது. மழைக்காலத்தில் சுற்றுலாப் பயணி குறைவார். லீசிங்கில் எடுத்தால் தவணை மழையைப் பார்க்காது.

ஆகவே, வாங்கத்தான் வேண்டுமென்றால் நாலு காரியம் செய்யுங்கள். செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் சான்றிதழோடு நீங்களே ஒப்பிடுங்கள். செய்த மாற்றங்கள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஏறியுள்ளனவா என்று விசாரியுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய், பதுளையில் ஓர் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பாருங்கள். சோடனை வேண்டுமென்றால் கழற்றிப் பூட்டக்கூடியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியைக் கழற்றலாம், வெட்டிய இரும்பை ஒட்டவைக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பணம் இலாபத்திலிருந்து வரட்டும், முதலிலிருந்து வேண்டாம். பெருநாளுக்குத் தட்டு வெறுமையாக இருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். வாசலில் மினுங்கும் சைக்கிளைப் பார்த்து எவரும் திரும்பி வரமாட்டார்.