கைக்கேற்ற கருவி, மனத்துக்கேற்ற விளையாட்டு

பக்கவாதத்திற்குப் பின் வீடு திரும்பிய ஒருவரைக் காண வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்கிறீர்களா?” மருத்துவர் கேட்கிறார், இயன்முறை சிகிச்சையாளர் கேட்கிறார், வீட்டார் நாள்தோறும் கேட்கிறார்கள். “உங்களுக்கு என்ன விளையாடப் பிடிக்கும்?” என்று எவரும் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்விக்கும் சிகிச்சையில் இடம் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சான்றாக, பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடும் ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது வீடியோ கேம் விளையாடக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்.

முதலில், விளையாட்டு ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம். மூளைப் பாதிப்பால் செயலிழந்த கை மீண்டும் இயங்க வேண்டுமானால், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள மறுவாழ்வு மையங்களில், பக்கவாத நோயாளிகளின் பயிற்சி அசைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியாயிற்று. ஓர் அமர்வில் கையால் செய்த பயன்பாட்டு அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே. விலங்குகளிடம் நடந்த சோதனைகளிலோ, மூளையில் மாற்றம் தோன்ற நூற்றுக்கணக்கான அசைவுகள் தேவைப்பட்டன.

இந்த இடைவெளியை மருத்துவமனையால் மட்டும் நிரப்ப இயலாது; பெரும்பகுதி வீட்டில்தான் நடந்தாக வேண்டும். வீட்டில் அதற்குத் தடையாக நிற்பதைச் சோம்பல் என்று நாம் பெயரிட்டுவிடுகிறோம். உண்மையில் அது சலிப்பு. பொருளற்ற ஓர் அசைவை முந்நூறு முறை செய்யச் சொன்னால் நலமாக இருப்பவர்களுக்கே அலுத்துப்போகும். அதே முந்நூறு அசைவுகள் ஒரு பந்தைத் தடுக்கவோ ஒரு காரைத் திருப்பவோ பயன்படும்போது, எண்ணிக்கை மறந்துபோகிறது.

ஆனால், விளையாடச் சொல்வதற்கு முன் ஒரு தடையைக் கடக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் வழக்கமான கன்ட்ரோலர், இரண்டு கைகளும் பத்து விரல்களும் நன்கு இயங்கும் ஒருவரை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. இரு கட்டைவிரல்களும் குச்சிகளை அசைக்க வேண்டும். ஆள்காட்டி விரல்கள் பின்புறப் பொத்தான்களை அழுத்த வேண்டும். கை இறுகிப்போன ஒருவரிடம் அதைக் கொடுத்தால், அவர் தோற்பது விளையாட்டில் அன்று; அந்தக் கருவியிடம்.

கருவி அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. விளையாட்டு நிறுவனங்களே அதைப் பலமுறை மாற்றிக் காட்டியிருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் சேகா நிறுவனம் ‘சம்பா டி அமிகோ’ என்ற விளையாட்டுக்காகக் குலுக்கி ஒலியெழுப்பும் மராக்கஸ் கிலுக்குகளையே கன்ட்ரோலராகத் தந்தது. 2003-இல் நின்டெண்டோ ‘டாங்கி கோங்கா’வுக்காக ஒரு ஜோடி சிறு மேளங்களைத் தந்தது, உள்ளங்கையால் தட்டினால் போதும், விரல்களுக்கு வேலையே இல்லை. இவை வேடிக்கைக்காகச் செய்யப்பட்டவை. எனினும், விரல்களைத் தனித்தனியே இயக்க முடியாத ஒருவருக்கு அந்த மேளத்தின் வடிவம் எவ்வளவு பொருத்தமானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேடிக்கைக்காக அன்றித் தேவைக்காகவே பிறந்த கருவிகளும் உண்டு. 1989-இல் நின்டெண்டோ, கைகளைப் பயன்படுத்த இயலாதவர்களுக்கென ஒரு கன்ட்ரோலரை வெளியிட்டது. அதை மார்பில் அணிந்துகொள்ள வேண்டும். முகவாயால் ஒரு குச்சியை அசைத்துத் திசையை மாற்றலாம். வாயிலுள்ள குழலில் காற்றை உறிஞ்சினால் ஒரு பொத்தான், ஊதினால் மற்றொரு பொத்தான். கழுத்துக்குக் கீழே அசைவற்ற ஒரு சிறுவன் தன் அண்ணனுடன் சமமாகப் போட்டியிட அது வழிசெய்தது.

2007-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘வீ பேலன்ஸ் போர்டு’ இதற்கு நேர்மாறான கதை. வீட்டில் உடற்பயிற்சி விளையாட்டுக்காக வந்த அந்தப் பலகையில் எடையை உணரும் நான்கு உணரிகள் உள்ளன. நிற்பவரின் பாரம் எந்தக் காலில் எவ்வளவு விழுகிறது என்பதைத் திரையில் உடனுக்குடன் காணலாம். ஒரு காலிலேயே பாரத்தைச் சுமந்து பழகிவிட்ட பக்கவாத நோயாளிக்குச் சொல்லிப் புரியவைக்கக் கடினமான செய்தியை அது கண்ணுக்குக் காட்டியது. பல நாடுகளின் சிகிச்சைக் கூடங்கள் அதை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

2018-இல் மைக்ரோசாஃப்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்’ இந்தச் சிந்தனையை ஒரு பொது விதியாக்கியது. அதன் மேல் இரண்டு பெரிய வட்டத் தட்டுகள், பின்புறம் 3.5 மி.மீ. அளவில் 19 துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு பொத்தானுக்குச் சமம். அதில் காலால் மிதிக்கும் சுவிட்சையோ, முழங்கையால் தட்டும் சுவிட்சையோ, தலையைச் சாய்த்தால் இயங்கும் சுவிட்சையோ இணைக்கலாம். எந்த உறுப்பு நன்றாக இயங்குகிறதோ அதுவே கையாகிறது. 2023 டிசம்பரில் சோனி நிறுவனமும் ‘ஆக்சஸ் கன்ட்ரோலர்’ என்ற வட்டவடிவக் கருவியை வெளியிட்டது.

இவற்றைவிட எனக்கு அருமையாகத் தோன்றுவது, 2017-இல் எக்ஸ்பாக்ஸில் சேர்க்கப்பட்ட ‘கோபைலட்’ வசதி. இரண்டு பேரின் கன்ட்ரோலர்கள் ஒரே கன்ட்ரோலராகச் செயல்படும். தாத்தா வண்டியைத் திருப்ப, பேரன் வேகத்தைக் கூட்டலாம். இருவரும் ஒரே ஆட்டக்காரர். வெற்றியும் இருவருடையது. நோயாளியைப் பராமரிப்பவருக்கு இதைவிட நல்ல உவமை கிடைப்பது அரிது: முழுவதையும் நாமே செய்துவிடவும் கூடாது, முழுவதையும் அவர் தலையில் சுமத்தவும் கூடாது.

இவையெல்லாம் வெளிநாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையமும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இணைந்து, கைப் பயிற்சிக்கென ‘புளூட்டோ’ என்ற சிறிய எந்திரத்தை உருவாக்கி, 2021-இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டன. அதில் இருப்பது ஒரே ஒரு மோட்டார். அதன் மேல் பொருத்தும் கைப்பிடிகளை மாற்றினால் பயிற்சியும் மாறும்: மணிக்கட்டை மடக்கி நீட்ட ஒன்று, பக்கவாட்டில் அசைக்க ஒன்று, முன்கையைத் திருப்ப ஒன்று, விரல்களைத் திறந்து மூட ஒன்று. கையின் அசைவு திரையில் ஓடும் விளையாட்டை இயக்குகிறது. நோயாளியால் முடியாத தூரத்திற்கு மோட்டார் துணைபுரிகிறது. கன்ட்ரோலரே சிகிச்சையாளரின் உதவிக் கையாக மாறும் காட்சி, நம் அடையாற்றுக்கு அருகிலேயே உருவாயிற்று.

கோட்டூர்புரத்திலுள்ள வித்யா சாகர் நிறுவனம் 1985-இல் தொடங்கியது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் கல்விக்கும் தகவல் தொடர்புக்கும் உழைத்துவரும் அந்நிறுவனம், மாநில அரசுடன் இணைந்து அமைத்த ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ 2022-இல் காமராஜர் சாலையில் திறக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை அங்கே நேரில் தொட்டு, இயக்கிப் பார்க்கலாம். மயிலாப்பூரிலிருந்து சில நிமிடப் பயணம்தான். எதையும் விலைகொடுத்து வாங்குவதற்கு முன் குடும்பத்தினர் ஒருமுறை சென்றுவருவது நல்லது.

இனி, இந்த வாதத்திற்கு எதிராக உள்ள வலுவான சான்றையும் சொல்லியாக வேண்டும். ‘வீ’ கருவியின் விளையாட்டுகள் பக்கவாத நோயாளிகளின் கையைச் சாதாரணப் பொழுதுபோக்குகளைவிட மேலாகச் சீராக்குமா என்று நான்கு நாடுகளில் 141 பேரிடம் சோதித்தார்கள். 2016-இல் ‘லான்செட் நியூராலஜி’ இதழில் முடிவு வெளியாயிற்று. ஒரு குழுவினர் வழக்கமான சிகிச்சையுடன் வீடியோ கேம் விளையாடினர். மற்றொரு குழுவினர் அதே அளவு நேரம் சீட்டாட்டம், மரக்கட்டைகளை அடுக்கி உருவும் ஆட்டம் போன்றவற்றில் ஈடுபட்டனர். இரு குழுவினருமே முன்னேறினர். இருவருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதைப் படித்துவிட்டு, “வீடியோ கேமால் பயனில்லை” என்று சொல்பவர்கள் உண்டு. நான் வேறு பொருள் கொள்கிறேன். சீட்டுக்கட்டும் அந்த விலையுயர்ந்த கருவிக்கு ஈடாக நின்றது. அப்படியானால், ஆற்றல் கருவியின் விலையில் இல்லை. விருப்பத்தோடு செய்யும் தொடர்ந்த பயிற்சியில் இருக்கிறது. நம் வீட்டுப் பல்லாங்குழியையே பாருங்கள். பதினான்கு குழிகள், ஒவ்வொரு முறையும் புளியங்கொட்டையை அள்ளி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விடுவிக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போடுவதற்குத் தேவையான அதே பிடிதான் அது. பாட்டிக்குப் பல்லாங்குழி பிடித்தால் பல்லாங்குழி. இருபது வயது இளைஞனுக்குக் கார்ப் பந்தயம் பிடித்தால் கார்ப் பந்தயம். முப்பது வயது வரை திரையில் விளையாடி வளர்ந்தவரிடம் தாயக்கட்டையைக் கொடுத்து, “இதுவும் விளையாட்டுத்தானே” என்று சொல்வது நியாயமாகாது.

செலவு குறித்தும் ஒரு சொல். எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் அறிமுக விலை ஏறத்தாழ 100 டாலர். இணைக்கும் சுவிட்சுகளுக்குத் தனி விலை. இது எல்லோருக்கும் எட்டக்கூடியதன்று. ஆனால் அதன் துளையில் செருகும் சுவிட்ச் என்பது, அழுத்தினால் மின்சுற்றை இணைக்கும் ஒரு பொத்தானும் ஒரு கம்பியும்தான். ரிச்சி தெருவில் கிடைக்கும் உதிரிப் பொருள்களைக் கொண்டு ஒரு பொறியியல் மாணவரால் அதைச் செய்துவிட முடியும். அதுவும் இயலாவிட்டால், கையிலுள்ள ஸ்மார்ட்போனின் அமைப்புகளில் அணுகல் வசதிகளைத் திறந்து பாருங்கள்; ஒரே சுவிட்சைக் கொண்டு திரை முழுவதையும் இயக்கும் வழி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. மெல்லிய கைப்பிடியைப் பிடிக்க முடியாதவருக்கு, அதன் மேல் சிறு துண்டையோ பஞ்சுறையையோ சுற்றித் தடிமனாக்குவதே பாதி தீர்வு.

சில எச்சரிக்கைகளும் அவசியம். வலிப்பு நோய் உள்ளவர்கள், ஒளி வேகமாக மின்னும் விளையாட்டுகளைப் பற்றி முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பேலன்ஸ் பலகையில் நிற்பவர் அருகே எப்போதும் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும். தோளில் வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். கையை நீட்டுவதற்குப் பதிலாக உடலையே சாய்த்து ஆட்டத்தில் வெல்வது எளிது. அந்த வெற்றியால் கைக்குப் பயனில்லை. எனவே எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம், எந்த நிலையில் அமர்ந்து என்பதைச் சிகிச்சையாளரே வகுத்துத் தரட்டும். விளையாட்டு சிகிச்சைக்குத் துணை, மாற்று அன்று.

கை முன்னேறவே வாய்ப்பில்லாதவர்களின் நிலை என்ன? தசைச் சிதைவு நோயுள்ள ஒரு சிறுவனுக்கு விளையாட்டு பயிற்சியாக வேண்டியதில்லை. பள்ளித் தோழர்களுடன் ஒரு மணிநேரம் சமமாகச் சிரித்திருப்பதே போதிய காரணம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 29-ஆவது பிரிவில் பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்பதை உரிமையாகவே வைத்துள்ளது. அதைச் சலுகையாகக் கருத நமக்கு உரிமையில்லை.

ஆகவே, இரண்டு வேண்டுகோள்கள். குடும்பத்தினருக்கு: அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது, நோயாளி முன்பு விரும்பி விளையாடியது எது என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள், அது கேரமாயினும் கிரிக்கெட் வீடியோ கேமாயினும் தயங்காமல் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு: ஊன்றுகோலையும் சக்கர நாற்காலியையும் இரவல் தரும் இடத்தில், சில சுவிட்சுகளும் ஒரு கன்ட்ரோலரும் ஒரு பல்லாங்குழிப் பலகையும் இருக்கட்டும். பதினைந்து நாள் வீட்டில் பயன்படுத்திப் பார்த்துத் திருப்பித் தரும் வசதி இருந்தால், எது தமக்குப் பொருந்தும் என்பதை நோயாளிகளே கண்டறிந்து கொள்வார்கள். ஓர் அலமாரித் தட்டுக்கு மேல் இதற்கு இடமும் தேவைப்படாது.