குறைமாதப் பிறப்பு

1642ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு குழந்தை உரிய காலத்திற்கு முன்னரே பிறந்தது. ஒரு குவளைக்குள் அடங்கிவிடும் அளவே அஃது இருந்ததாம். அக்குழந்தையே பின்னர் அறிவியல் மேதையாக விளங்கிய ஐசக் நியூட்டன். அவர் 84 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆதலின், குறைமாதத்தில் பிறத்தல் இழிவும் அன்று. வாழ்வைக் கெடுக்கும் விதியும் அன்று.

37 வாரம் நிரம்புமுன் பிறப்பதையே குறைமாதப் பிறப்பு என்பர். உலகில் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இத்தகையது. இன்றைய மருத்துவம் இவர்களுட் பெரும்பாலோரைக் காக்க வல்லது. ஆனால், 'குழந்தை பிழைத்துவிட்டது. இனிக் கவலை இல்லை' என்று பெற்றோர் இருந்துவிடலாமா? கூடாது என்பேன்.

சிறுநீரகத்தில் குருதியைத் தூய்மை செய்யும் நுண்வடிகட்டிகள், கருவில் ஏறத்தாழ 36ஆம் வாரம் வரை உருவாகின்றன. மிக முந்திப் பிறந்தவர்க்கு அவை குறைவாகவே அமைதல் கூடும். வளர்ந்தபின் குருதியழுத்தம் உயர்வதற்கு இஃது ஒரு காரணம். நுரையீரலின் காற்றறைகளும் முழுமை பெறாதிருத்தலால் மூச்சுத் தொல்லை நேரலாம். பார்வைக் குறையும், கற்றலில் தாமதமும் சிலர்க்கு உண்டு.

இவை எல்லார்க்கும் வருவன அல்ல. வருமுன் காக்கத் தக்கவை. பெற்றோர் பிள்ளையின் பிறப்பு வரலாற்றை மறைத்தலாகாது. மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். அவ்வாறு பிறந்தோர் வளர்ந்த பின்னும் குருதியழுத்தத்தை அளந்தறிதல் வேண்டும். புகைத்தலை அறவே விலக்குதல் வேண்டும். மாணவர்களே! உங்கள் பிறப்பு வரலாற்றை அன்னையிடம் கேட்டறியுங்கள். அதனை அறிதலும் உடலோம்பலின் ஒரு பகுதியே ஆகும்.